ஒரு சுல்தான், பல சரித்திரங்கள்

திப்புவின் பெயரால் தெற்கே நடக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. நாடு கடத்தப்பட்ட அவருடைய குடும்பம் வந்து சேர்ந்த டாலிகஞ்சிலோ அந்தச் சரித்திரம் தெருப் பலகைகளில்தான் மிஞ்சியிருக்கிறது.

தென் கொல்கத்தாவில் 'அன்வர் ஷா, அன்வர் ஷா' என்று கூவி ஆள் சேர்க்கும் ஆட்டோ டிரைவர்களில் எத்தனை பேருக்கு அந்த அன்வர் ஷா யார் என்பது தெரியும்? பெரிய ஷாப்பிங் மாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த அந்தச் சாலையின் முழுப் பெயர் பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு. பக்கத்திலேயே பிரின்ஸ் குலாம் முகமது ஷா ரோடு. இன்னொரு திசையில் பிரின்ஸ் பக்தியார் ஷா ரோடு. வங்காளத்தில் இத்தனை இளவரசர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பதில், 1,800 கிலோமீட்டருக்கு அப்பால் காவிரி நடுவே இருக்கும் ஒரு தீவில் தொடங்குகிறது. இவர்கள் எல்லோரும் மைசூர் புலி திப்பு சுல்தானின் வம்சத்தவர்கள்.

டாலிகஞ்ச் என்றால் இன்று பலருக்கும் வங்காள சினிமாதான். மெட்ரோ ரயில் நிலையத்துக்கே நடிகர் உத்தம் குமாரின் பெயரை வைத்துவிட்டார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்தவர், 1770களில் கங்கையின் பழைய பாதையைத் தூர்வாரிக் கால்வாய் வெட்டிய வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி. அந்த டாலி கால்வாயின் கரையில், அன்று ரசாபக்லா என்று அழைக்கப்பட்ட புறநகர்க் காட்டுப் பகுதியில்தான், கிழக்கிந்திய கம்பெனி தான் வென்ற சுல்தானின் குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு லக்னோவின் நவாப் வாஜித் அலி ஷா இதே நகரத்தின் மெட்டியாபுருஜில் வந்து சேர்ந்தார். தோற்ற ராஜாக்களைக் கண் பார்வையில் வைத்துக்கொள்ள கல்கத்தாவைவிட வசதியான இடம் கம்பெனிக்கு இல்லை.

வேலூர் வழியாக

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை வீழ்ந்தபோது திப்பு சண்டையிலேயே இறந்தார். அடுத்த மாதமே கம்பெனி, பழைய உடையார் வம்சத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவனை மைசூர் சிம்மாசனத்தில் உட்கார வைத்தது. திப்புவின் திவான் பூர்ணய்யா புதிய ராஜாவுக்கும் திவானாகத் தொடர்ந்தார். திப்புவின் மகன்களும் பெண்களும் பணியாட்களும் வேலூர் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். மானியம் உண்டு, மாளிகை உண்டு. வெளியே போக அனுமதி மட்டும் இல்லை.

அவர்கள் அங்கேயே இருந்திருக்கலாம். 1806 ஜூலை 10 அதை மாற்றியது. புதிய தலைப்பாகை அணிய வேண்டும், தாடியையும் நெற்றிக் குறியையும் எடுக்க வேண்டும் என்ற ராணுவ உத்தரவால் கொதித்துப் போயிருந்த சிப்பாய்கள், திப்புவின் மகள் ஒருவரின் திருமணத்துக்கு அடுத்த நாள் விடியும் முன் எழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். கோட்டைக் கொடிமரத்தில் மைசூர் சுல்தானின் புலிக்கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்ததும் எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். சென்னை கவர்னர் பெண்டிங்க் பிரபுவும் தலைமைத் தளபதியும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

எழுச்சியில் இளவரசர்களின் பங்கு என்ன என்பது இன்றும் விவாதத்துக்குரிய விஷயம். கம்பெனி அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. சில மாதங்களுக்குள் குடும்பத்தின் ஆண்கள் கடல் வழியாக கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். டாலிகஞ்சின் தெருப் பெயர்கள், கணக்குப் பார்த்தால், வேலூர் சிப்பாய்கள் எழுதியவை.

நன்றி சொன்ன மகன்

கப்பல் ஏறியவர்களில் ஒருவர் குலாம் முகமது. தந்தை இறந்தபோது அவருக்கு வயது நான்கு; டாலிகஞ்சுக்கு வந்தபோது பதினொன்று அல்லது பன்னிரண்டு. கல்கத்தாவின் நடு மையமான தர்மதலாவில் இன்று திப்பு சுல்தான் பள்ளிவாசல் என்று ஊரே அழைக்கும் கட்டடத்தை 1842ல் கட்டியவர் இவர்தான். அதே அமைப்பில் டாலிகஞ்சிலும் ஒன்றைக் கட்டினார். பல குவிமாடங்களும் மினார்களுமாக நிற்கும் அந்தக் கட்டடங்களைப் பார்ப்பவர்கள், பிரிட்டிஷாரை எதிர்த்து உயிர்விட்ட தந்தைக்கு மகன் எழுப்பிய நினைவுச் சின்னம் என்றே நினைக்கிறார்கள்.

தர்மதலா பள்ளிவாசலின் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. கம்பெனியின் டைரக்டர்கள் சபை தனக்குச் சேர வேண்டிய மானிய பாக்கியை 1840ல் வழங்கியதன் நினைவாகவும் இறைவனுக்கு நன்றியாகவும் இதைக் கட்டியதாகப் பதிவு செய்திருக்கிறார் குலாம் முகமது. தந்தையைக் கொன்ற கம்பெனியின் பெயர் மகன் கட்டிய பள்ளிவாசலின் கல்லில்.

இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதே மனிதர்தான் லண்டனுக்குப் போய்க் குடும்பத்தின் உரிமைகளுக்காக வாதாடினார். 1855ல், ஐதர் அலி, திப்பு இருவரைப் பற்றி வெளிவந்த ஒரு ஆங்கிலச் சரித்திர நூலைத் தன் பெயரில் திருத்திப் பதிப்பித்தார். திப்பு இறந்து அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல் ஆனபோது அவரைப் பற்றிய சரித்திரத்துக்கு ஒரு மறுப்பு தேவைப்பட்டது என்பது இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி. அதற்குள் கம்பெனியின் தரப்பில் கர்க்பாட்ரிக் திப்புவின் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்திருந்தார். மார்க் வில்க்ஸ் தென்னிந்திய வரலாற்றை எழுதி முடித்திருந்தார். இரண்டிலும் திப்பு மதவெறி பிடித்த கொடுங்கோலர். போரை நியாயப்படுத்த கம்பெனிக்கு அப்படி ஒரு திப்பு அவசியமாக இருந்தார்.

எத்தனை திப்பு?

ஆனால் கொடுங்கோலர் திப்பு முழுக்க முழுக்க வெள்ளைக்காரர்களின் கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த நினைவைச் சுமக்கிறவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

குடகில் 1780களில் திப்புவின் படைகள் நடத்திய வேட்டையும், கூட்டம் கூட்டமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் கதையும் கொடவர்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. மங்களூர் கத்தோலிக்கர்கள் 1784ல் சாம்பல் புதன் அன்று வளைக்கப்பட்டு மலையேற்றிக் கொண்டுசெல்லப்பட்டதை மறக்கவில்லை. பிழைத்தவர்கள் ஊர் திரும்பியது 1799க்குப் பிறகுதான். மலபாரில் நாயர்களுக்கு எதிரான படையெடுப்பும் மதமாற்றமும் திப்புவின் கடிதங்களிலேயே பெருமையாகப் பேசப்படுகின்றன. எண்ணிக்கையில்தான் சண்டை. குடகில் பிடிபட்டவர்கள் சில நூறு என்பவர்களிலிருந்து பல பத்தாயிரம் என்பவர்கள் வரை இருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறவோ இறங்கவோ செய்வது, சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

மறுபக்கத்துச் சாட்சியங்களும் அதே அளவு உறுதியானவை. 1791ல் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தது மராட்டியப் படை. விக்கிரகத்தை மீண்டும் நிறுவப் பணமும் பொருளும் அனுப்பியவர் திப்பு. அவர் சங்கராச்சாரியாருக்கு எழுதிய மரியாதை மிகுந்த கடிதங்களை 1916ல் மைசூர் தொல்லியல் துறைத் தலைவர் நரசிம்மாச்சார் மடத்திலேயே கண்டெடுத்தார். திப்புவின் அரண்மனைக்கு அருகிலேயே ரங்கநாதர் கோயில் கடைசி வரை பூஜை குறையாமல் இருந்தது. ராக்கெட்டுகள், ஆயுதத் தொழிற்சாலைகள், பட்டு வளர்ப்பு என்று அவருடைய சாதனைப் பட்டியலும் நீளமானது. மைசூர் பட்டுக்கான புழுக்களை அவர் தருவித்த இடங்களில் ஒன்று வங்காளம். புழுக்கள் வந்த திசையில் பிற்பாடு பிள்ளைகள் போனார்கள்.

முரண்பாட்டை விளக்க வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. எதிரி நாட்டிலும் கலகம் செய்த பகுதியிலும் ஈவிரக்கமற்றவர். தன் ஆட்சிக்கு அடங்கிய நாட்டில் கோயிலுக்கும் மடத்துக்கும் மானியம் தந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டு அரசர்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் இந்த விளக்கம், பாட்டன் விலங்கிடப்பட்டு நடந்த வழியைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவருக்கு ஆறுதல் தராது.

இரண்டு தமிழ் நினைவுகள்

தமிழர்களுக்கே திப்புவைப் பற்றி ஒரே நினைவு இல்லை. மாண்டியம் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது தமிழ். மேல்கோட்டையில் அவர்களில் பல குடும்பங்கள் நரக சதுர்த்தசி அன்று தீபாவளி கொண்டாடுவதில்லை. உடையார் ராணி லட்சுமம்மண்ணியின் சார்பில் சென்னையில் இருந்த பிரிட்டிஷாரோடு பேரம் பேசியவர்கள் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பழிவாங்க திப்பு நூற்றுக்கணக்கான உறவினர்களைக் கொன்றார், அது நடந்தது அந்த நாளில்தான் என்பது வழிவழி வந்த செய்தி. நடந்த தேதியும் எண்ணிக்கையும் சரிதானா என்று ஆய்வாளர்கள் கேட்கலாம். விளக்கேற்றாத வாசல் அதற்குப் பதில் சொல்லக் காத்திருப்பதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் 1781ல் ஐதர் படைகள் ஊர்களைக் கொளுத்தி, மதகுகளை உடைத்த 'ஐதர் கலாபம்' நீண்ட நாள் பேச்சில் இருந்தது. ஆனால் சிவகங்கையில் அதே ஐதர் ஆபத்பாந்தவர். நாட்டை இழந்த வேலு நாச்சியாருக்கு திண்டுக்கல்லில் புகலிடமும் படையும் கொடுத்தவர் அவர். 1780ல் ராணி சிவகங்கையை மீட்டார். கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை திப்புவின் தோழர். வேலூர் கோட்டையில் இந்துவும் முஸ்லிமுமான சிப்பாய்கள் ஏற்றியது திப்புவின் கொடி. திண்டுக்கல்லில் ஐதருக்கும் திப்புவுக்கும் மணிமண்டபம் கட்டியிருக்கிறது தமிழக அரசு. கர்நாடகத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத அமைதியோடு அந்தக் காரியம் நடந்தது.

காரணம், தமிழகத்தில் திப்பு யாருடைய இடத்துக்கும் போட்டியாக நிற்கவில்லை. இங்கே அவர், கட்டபொம்மன் தொடங்கி வேலூர் வரை நீளும் வெள்ளையர் எதிர்ப்புக் கதையில் ஒரு பாத்திரம். கர்நாடகத்தில் அவர் கதையின் நாயகனா வில்லனா என்பது, மைசூர் யாருடையது என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது.

பெயர்ப் பலகைப் போர்

அந்தக் கேள்வி 2015ல் தெருவுக்கு வந்தது. சித்தராமையாவின் காங்கிரஸ் அரசு நவம்பர் 10ஐத் திப்பு ஜெயந்தியாக அறிவித்தது. முதல் விழாவிலேயே குடகின் தலைநகர் மடிகேரியில் கலவரம், உயிரிழப்பு. 2017ல் கர்நாடக சட்டசபையின் கூட்டுக் கூட்டத்தில் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த், பிரிட்டிஷாரோடு போரிட்டு வீர மரணம் அடைந்தவர் என்று திப்புவைப் புகழ்ந்தார். 2019ல் ஆட்சிக்கு வந்த எடியூரப்பாவின் பா.ஜ.க. அரசு, வந்த வாரத்திலேயே ஜெயந்தியை ரத்து செய்தது. 2022ல் பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே ஓடிய திப்பு எக்ஸ்பிரஸ், உடையார் எக்ஸ்பிரஸ் ஆனது. தண்டவாளத்திலும் வம்சம் மாறியது.

உச்சகட்டம் 2023 தேர்தல் நேரத்தில். திப்புவைக் கொன்றது ஆங்கிலேயர் அல்ல, உரி கவுடா, நஞ்சே கவுடா என்ற இரு ஒக்கலிகர்கள்தான் என்று பா.ஜ.க. தலைவர்கள் சிலர் பிரசாரம் செய்தார்கள். ஓர் அமைச்சர் அதைச் சினிமாவாகவே எடுக்கப் போவதாக அறிவித்தார். அப்படி இருவர் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். ஒக்கலிகர்களின் ஆதிசுஞ்சனகிரி மடாதிபதியே தலையிட்டு நிறுத்தச் சொன்ன பிறகு படம் கைவிடப்பட்டது. இல்லாத மனிதர்களுக்கு ஜாதியும் பிறந்த ஊரும் கொடுக்கும் அளவுக்குப் போட்டி போயிருந்தது.

சுதந்திரப் போராட்டத்துக்கும் இதே தலைவிதி. 'முதல் சுதந்திரப் போர்' என்ற பட்டத்தை சாவர்க்கர் 1857க்குக் கொடுத்தார். தமிழக வரலாற்றாசிரியர் ராஜய்யன் 1971ல் வெளியிட்ட நூலில் அதை மருது சகோதரர்கள் தலைமை தாங்கிய 1800-1801 கிளர்ச்சிக்குக் கொடுத்தார். வேலூருக்குத் தனி ஆதரவாளர்கள். ஒடிசாவோ 1817ல் நடந்த பைக்கா கிளர்ச்சிதான் முதல் என்று பல ஆண்டுகள் டெல்லியில் வாதாடியது. 2021ல் மத்திய கலாசார அமைச்சகம் அப்படி அழைக்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. 1806க்குப் பின் 1817 வந்தது என்ற சாதாரணக் கூட்டல் கழித்தல் இந்த வழக்குகளில் எடுபடுவதில்லை.

பால்கன் தரும் எச்சரிக்கை

இந்த விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதற்கு உலகம் பார்த்த பாடம் ஒன்று உண்டு. 1780களில் திப்பு, பிரிட்டிஷாருக்கு எதிராக உதவி கேட்டு கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த துருக்கி சுல்தானுக்குத் தூது அனுப்பினார். அன்று அந்த சுல்தானின் ஆட்சியில் இருந்த பால்கன் பகுதி, பிற்பாடு சரித்திரச் சண்டைக்கே மறுபெயராகிவிட்டது.

1389ல் கொசோவோ சமவெளியில் நடந்த போரில் செர்பியத் தலைவர் லாசரும் துருக்கி சுல்தான் முராதும் இருவருமே இறந்தார்கள். யார் வென்றார்கள் என்பதே தெளிவில்லாத அந்தப் போர், செர்பியர்களுக்குப் புனிதத் தோல்வி. அங்கே பெரும்பான்மையாக வாழும் அல்பேனியர்களோ செர்பியர்களுக்கு முன்பிருந்தே அந்த மண் தங்களுடையது என்கிறார்கள். 1989ல், போரின் 600வது ஆண்டு நாளில், அதே சமவெளியில் லட்சக்கணக்கானவர்கள் முன் பேசினார் ஸ்லோபடான் மிலோசெவிச். அடுத்த மூன்றே ஆண்டுகளில் யூகோஸ்லாவியா உடைந்து போஸ்னியா பற்றி எரிந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

சண்டை ஓய்ந்த பிறகும் சரித்திரம் ஓயவில்லை. 1914ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போரைத் தூண்டிய கவ்ரிலோ பிரின்சிப், செர்பியர்களுக்கு விடுதலை வீரர். போஸ்னிய முஸ்லிம்களிலும் குரோஷியர்களிலும் பலருக்குப் பயங்கரவாதி. 2014ல் நூற்றாண்டு வந்தபோது ஒரே நகரத்தைச் சுற்றித் தனித்தனி விழாக்கள் நடந்தன. கிரேக்கத்தின் எதிர்ப்பால் மாசிடோனியா என்ற நாடு 2019ல் தன் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தகராறின் மையத்தில் இருந்தவர் 2,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த அலெக்சாண்டர். போஸ்னியாவின் சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் குரோஷியப் பிள்ளைகளும் போஸ்னிய முஸ்லிம் பிள்ளைகளும் வேறு வேறு பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். ஒரே கூரை, இரண்டு சரித்திரம்.

இந்தியா பால்கன் அல்ல. இங்கே மாநிலங்கள் பாடப் புத்தகத்தை மாற்றுகின்றன, ரயிலின் பெயரை மாற்றுகின்றன, அடுத்த தேர்தலில் மறுபடியும் மாற்றுகின்றன. ஆனால் வழிமுறை ஒன்றுதான். ஒரு சமூகத்தின் உண்மையான துயரத்தை எடுத்து, அதிலிருந்து சந்தேகங்களை நீக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, இன்று பக்கத்து வீட்டில் வசிப்பவரை அதற்குப் பொறுப்பாக்குவது. எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. அது அந்தத் துயரம் நடக்கவே இல்லை என்கிறது.

வாரிசுகளின் கணக்கு

இந்தச் சண்டையில் யாரும் கேட்காத தரப்பு ஒன்று உண்டு என்றால் அது டாலிகஞ்சில் இருக்கிறது. குலாம் முகமது 1872ல் இறந்தார். பிரிட்டிஷ் மகுடம் அவருக்கு சர் பட்டம் அளித்திருந்தது. ஒரு காலத்தில் மைசூர் குடும்பத்தின் கையில் இருந்த தோட்ட மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும் 1895ல் டாலிகஞ்ச் கிளப் ஆயின. வெள்ளைக்கார துரைகள் குதிரை ஓட்டிய இடத்தில் இப்போது கொல்கத்தாவின் பெரிய மனிதர்கள் கோல்ஃப் ஆடுகிறார்கள். குலாம் முகமது விட்டுச்சென்ற அறக்கட்டளைச் சொத்துகள் பற்றிய வழக்குகளும் புகார்களும் பல பத்தாண்டுகளாகத் தொடர்கின்றன. வம்சத்தின் சில கிளைகள் வசதியாக இருக்க, வேறு சில கிளைகளைச் சேர்ந்தவர்கள் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியும் சில்லறை வேலைகள் செய்தும் பிழைப்பதைப் பத்திரிகைகள் அவ்வப்போது படத்தோடு வெளியிட்டிருக்கின்றன. 2023 மே மாதம் லண்டனில் திப்புவின் வாள் ஒன்று 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அதில் ஒரு பைசாவும் டாலிகஞ்சுக்கு வந்து சேரவில்லை.

அக்கம்பக்கத்தவர்களுக்கும் இதில் அதிக அக்கறை கிடையாது. அவர்களுக்கென்று சொந்தச் சரித்திரம் இருக்கிறது. 1947க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த அகதிகள், விஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்று டாலிகஞ்சைச் சுற்றிக் காலியிடங்களில் குடியேறிக் காலனிகளை எழுப்பினார்கள். நாடு இழந்த இளவரசர்களின் பெயர் கொண்ட தெருக்களில் ஊர் இழந்தவர்கள் பஸ் ஏறுகிறார்கள். தங்கள் இழப்பையும் இவர்கள் மறக்கவில்லை. ஆனால் அன்வர் ஷா பெயரை மாற்றச் சொல்லி இங்கே யாரும் ஊர்வலம் போனதில்லை.

திப்பு குடும்பத்தின் கல்லறைத் தோட்டம் டாலிகஞ்சுக்குச் சற்று வடக்கே, காளிகாட் பகுதியில், சதீஷ் முகர்ஜி சாலையில் இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரம் இல்லாத கியோராதலா சுடுகாட்டின் அருகே, டாலி கால்வாயின் கரையில், வங்காளத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒரு தென்னிந்தியக் கோபுரம் தெரியும். திப்பு வீழ்ந்த பிறகு அரியணை ஏறிய உடையார் வம்சத்தின் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திரர், கல்கத்தாவுக்கு வந்திருந்தபோது தொண்டை அடைப்பான் நோய் கண்டு 1894 டிசம்பர் 28 அன்று இறந்தார். அவரை எரித்த இடத்தில் எழுந்த நினைவகம் அது. பிரிட்டிஷார் சிறை வைத்த மைசூரும் முடிசூட்டிய மைசூரும், சொந்த ஊருக்கு வெகு தொலைவில், ஒரே கால்வாயின் அருகருகே அடங்கிக் கிடக்கின்றன. எந்த ரயிலுக்கு யார் பெயர் என்ற கவலை இரண்டுக்கும் இல்லை.